விதைநெல் காசில் வெட்டிய கிணறு

இஞ்சாருங்கோ,

பதினாறு வருஷமாக உங்களை நான் கூப்பிட்ட பேர் இதுதான். இதைக் கேட்டுத் திரும்பிப் பார்க்க இப்போது இந்த வீட்டில் ஒருவரும் இல்லை. முந்தாநாள் அடுப்படியில் நின்றபடி பழக்கதோஷத்தில் கூப்பிட்டுவிட்டேன். பதில் வரவில்லையென்று கோபமும் வந்தது. பிறகுதான் நினைவு வந்தது. அதுதான் எழுதுகிறேன். கடிதமென்றால் பதில் வர நாலு நாள் ஆகும் என்று கொஞ்சம் ஏமாந்துகொள்ளலாம் அல்லவா?

முதலில் செய்தியைச் சொல்கிறேன். புதுக்கிணறு வெட்டி முடிந்தது. ஓம், நீங்கள் வேண்டவே வேண்டாம் என்று நின்ற அதே கிழக்கு மூலையில்தான். காசு எங்கிருந்து என்று கேட்பீர்கள். பதறாதீர்கள், சொல்கிறேன்.

நாம் இந்த வீட்டை வாங்கிய நாள் ஞாபகம் இருக்கிறதா? இறங்குதுறைக் கந்தோரில் கிளாக்கராக இருந்து, ரயில்வே லைன் அறையில் என்னை அத்தனை வருஷம் வைத்திருந்த பிறகு, ஒரு தை மாதம் தலைமன்னாரில் இந்த வீட்டையும் வளவையும் காட்டினீர்கள். கிணற்றில் ஒரு வாளி அள்ளிக் குடித்துவிட்டு, "எங்கடை ஊர் முருங்கன் தண்ணி தோத்துப்போகும்" என்றீர்கள். நானும் குடித்தேன். நானும்தான் தலையாட்டினேன். குளத்துக்குக் கீழே பிறந்து வளர்ந்த வயற்காரருக்கு, கடல் சூழ்ந்த இந்தத் தீவில் மாரி முடிந்த கையோடு எந்தக் கிணறும் இனிக்கும் என்று யார் சொல்வது?

ஆடி பிறந்தது, சோளகக் காற்று எழும்பியது, தண்ணீர் உப்பானது. தொட்டியில் ஊற்றினால் கழுதைகள்கூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். பக்கத்து வளவு சுலைகா ராத்தா வேலியால் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"தங்கச்சி, இஞ்ச வளவு வாங்கிற ஆள் ஆடியில வந்தெல்லோ தண்ணி குடிச்சுப் பாக்கோணும்! தையில எந்தத் தண்ணியும் பொய் சொல்லும்."

தன் கிணற்றில் அள்ளிக்கொள்ளச் சொன்னவரும் அவர்தான். கிழக்கு மூலையில் மணல்மேட்டுப் பக்கம் வெட்டினால் நல்ல தண்ணீர் என்று சொன்னவரும் அவர்தான்.

அன்றைக்குத் தொடங்கியது நம் சண்டை. வீடு வாங்கிய பிறகு மிஞ்சிய காசு அலுமாரிக்குள் பிஸ்கட் டின்னில் இருந்தது. ஒரு போகம் அழிந்தாலும் அடுத்த போகம் வரை சாப்பிடக் காணும் அளவு மிச்சம் இருக்கவேண்டும் என்பது உங்கள் கணக்கு. மாதச் சம்பளக்காரருக்கு என்ன போகமும் அழிவும் என்று கேட்டேன். உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் ஐயா வீட்டில் மழை பொய்த்த வருஷம் சோறில்லாமல் பனங்கிழங்கு ஒடியற்கூழ் குடித்துக் கிடந்தும், மூலையில் இருந்த விதைநெல் மூட்டையை ஒருவரும் தொடவில்லையாம்.

"இதுவும் விதைநெல்தான். இதிலை கை வைக்கக்கூடாது, சொல்லிப்போட்டன்."

"விதைநெல்லுக்கும் விதைக்கிற நாள் ஒண்டு இருக்குத்தானே?"

"சொல்வழி கேளாத மனுசி" என்று முணுமுணுத்துக்கொண்டு வேலைக்குப் போனீர்கள். எத்தனைதரம் வாங்கியிருப்பேன் அந்தப் பட்டத்தை!

மார்கழியில் உங்களுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாளே மருந்து கொடுக்க வந்த அப்போதிக்கரி என்னை வெளியே கூப்பிட்டு, இங்கே வைத்திருந்து பயனில்லை, கோச்சியில் ஏற்றிக் கொழும்புப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ என்றார். உள்ளே வந்து உங்களிடம் சொன்னேன். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே என் கையைப் பிடித்தீர்கள்.

"கொழும்பிலை போய் ஆரிட்டைத் தங்கிறது? எத்தினை நாளுக்கு? டின்னிலை உள்ளது முழுக்கக் கரைஞ்சுபோம். அதைத் தொடாதையும். ரெண்டு நாளிலை எழும்பிடுவன்."

அலுமாரித் திறப்புக் கொத்து என் இடுப்பில்தான் செருகியிருந்தது. ஸ்டேஷனிலிருந்து கோச்சி சாயந்தரம்தான் புறப்படும், நேரமும் இருந்தது. எதற்கெடுத்தாலும் வாயாடுகிற நான் அன்றைக்கு மட்டும் ஏன் வாயை மூடினேன்? காய்ச்சற்காரரோடு சண்டை பிடிக்கக்கூடாது என்று நினைத்தேன். பதினாறு வருஷத்தில் அந்த ஒருமுறைதான் உங்கள் சொல்வழி கேட்டேன்.

எட்டாம் நாள் உங்களைச் சேமக்காலையில் அடக்கம் செய்துவிட்டு வந்தோம். அன்று வீட்டுக்கு வந்து டின்னைத் திறந்து பார்த்தேன். ஒரு சதம் குறையாமல் இருந்தது. அதைச் சுவரில் எறிந்து உடைக்கவேண்டும் போல இருந்தது.

ஆடியில் என் அண்ணர் முருங்கனிலிருந்து வந்தார். ஊரில் மழை எப்படி, மாடு எப்படி என்றெல்லாம் சொல்லிவிட்டு மெதுவாகக் கதையை எடுத்தார்.

"வீட்டை வித்துப்போட்டு என்னோடை வா, பிள்ளை. தண்ணியும் இல்லை, ஆளும் இல்லை. இஞ்சை தனிய என்னெண்டு இருப்பாய்? இருக்கிற காசை அப்பிடியே பத்திரமா வைச்சிரு."

நல்ல மனதோடுதான் சொன்னார். போயிருக்கலாம். அங்கே கதைக்க மச்சாள் இருக்கிறாள், பிள்ளைகள் இருக்கிறார்கள். இங்கே எனக்கு ஒரு கோப்பை, ஒரு கதிரை. நீங்கள் உட்காரும் மற்றக் கதிரையில் துணி மடித்து வைக்கிறேன், வெறுமையாக இருந்தால் பார்க்க முடியவில்லை. ஆனாலும் அண்ணர் வீட்டில் நான் எத்தனை வருஷம் இருந்தாலும் வந்து நிற்கிறவள்தான். இந்த வீட்டில் மட்டும்தான் நீங்கள் என்னோடு சண்டை பிடித்த சுவர்கள் இருக்கின்றன. விற்கமாட்டேன் என்று சொன்னேன். பழைய டின்னைத் திறந்து கிணறு வெட்ட ஆள் பிடித்துத் தரச் சொன்னேன். அண்ணர் உங்களைப் போலவே முணுமுணுத்தார்.

ஆவணியில் இரண்டு பேர் வந்து வெட்டினார்கள். மணல் ஈரமாகி, கணுக்கால் அளவு தண்ணீர் ஊறியதும் மண்வெட்டியை மேலே எறிந்துவிட்டார்கள். கொடுத்த காசுக்கு இவ்வளவுதானா, இன்னும் ஆழமாக வெட்டுங்கோ என்றேன். மூத்தவர் மேலே பார்த்து, "இதோடை காணும் அம்மா. ஆசைப்பட்டுக் கீழை போனா உப்பு ஏறும்" என்றார்.

முதல் வாளியைச் சுலைகா ராத்தாவிடம்தான் கொடுத்தேன். குடித்துவிட்டு, "இது மெய்யான தண்ணி, தங்கச்சி" என்று என் கன்னத்தைத் தடவினார். ஆவணி வெயிலில் இனித்த தண்ணீர்! உங்களுக்குக் காட்டமுடியவில்லையே என்று அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

டின் முழுவதையும் கரைக்கவில்லை. எவ்வளவு மிச்சம் வைப்பது என்று இரண்டு நாள் யோசித்தேன். சாப்பாட்டுக்கு அண்ணர் அனுப்பும் நெல்லும் என் தையலும் போதும். அடுத்த போகம் வரைக்குமான செலவு எனக்கு எதற்கு? கடைசியில் ஒரு அளவு கண்டுபிடித்தேன். ஒரு நோயாளியும் கூட ஒரு ஆளும் கொழும்புக்குப் போகிற கோச்சிக் காசு, அங்கே ஒரு மாதம் தங்கிச் சாப்பிடுகிற செலவு. அவ்வளவும் வைத்திருக்கிறேன். வீடு வாங்கிய அன்றைக்கே நாம் கணக்குப் பார்த்திருக்கவேண்டியது அதைத்தானே?

நான் கொண்டுபோக இப்போது என் வீட்டில் ஒருவரும் இல்லை. ஆனால் சுலைகா ராத்தா மழைக்காலம் வந்தால் இருமுகிறார். காசு விஷயத்தில் அவரும் உங்கள் சாதிதான், செலவழிக்க விடமாட்டார். ராத்தாவோ, இந்த ஒழுங்கை வீடுகளில் வேறு யாரோ, அப்போதிக்கரி கொழும்பு என்று சொன்னால் அலுமாரியைத் திறப்பேன், கோச்சியில் ஏற்றுவேன். தொடாதே என்று கையைப் பிடித்தாலும் உதறிவிடுவேன். இது உங்கள் கல்லறைக் குரிசைத் தொட்டு நான் தருகிற வாக்கு.

இப்படிக்கு,
ஒருமுறை கேட்டதற்காகவே இனி யார் சொல்வழியும் கேளாத,
உங்கள் மனுசி