எலுமிச்சையில் மூன்று துளிர்

பிப்ரவரி 16, ஞாயிறு, காலை 7.40. உன் எலுமிச்சையில் துளிர்கள்: மூன்று. இரண்டு முறை எண்ணிவிட்டேன்.

அன்பு மிரேய், டிம்மின்ஸில் நானும் அம்மாவும் நலம், வெளியே மைனஸ் இருபத்தாறு, அம்மாவின் தோள்வலி பரவாயில்லை, நீயும் நலமாகவே இருப்பாய் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து வாரமாக உன்னிடம் பொய் சொன்னேன். மரத்தைக் காட்டு என்று நீ போனில் கேட்டபோதெல்லாம் விளக்கு கூசுகிறது, கேமராவில் தெரியாது என்றேனே, விளக்கில் ஒன்றுமில்லை, காட்டுவதற்கு இலைதான் இல்லை. நடந்தது இதுதான். பேஸ்மென்டில் நான் தட்டுகளில் வளர்க்கும் குட்டிக்கீரை உனக்குத் தெரியும் (சுரங்கத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் "முயலையும் கூட்டிட்டு வந்தியா ரேஜான்?" என்று இன்னும் கேட்கிறார்கள்). ஜனவரி 11 அன்று, விதைத்து மூன்றே நாளான முள்ளங்கித் தட்டுகள் எட்டிலும் வெள்ளையாகப் பஞ்சு படர்ந்திருந்தது. பூஞ்சை என்று முடிவுகட்டினேன். எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பக்கத்தில் குளிருக்காக உள்ளே வைத்த உன் எலுமிச்சைத் தொட்டி, மண்மேல் அதே வெள்ளை. சுரங்கத்தில் காற்றோட்டம் பார்ப்பவனுக்கு வேறென்ன தோன்றும், புகை வந்தால் மூலத்தைத் தனிமைப்படுத்து, அவ்வளவுதான். தொட்டியைத் தூக்கி, பூட்ஸ் கழற்றும் சூடில்லாத முன்னறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். பிறகு ஏழு தட்டைக் குப்பையில் கொட்டினேன்.

எட்டாவதைக் கொட்டுவதற்குள் பக்கத்து வீட்டு சொலாஞ்ஜ் கீரை வாங்க வந்தார். என் கையிலிருந்த தெளிப்பானைப் பிடுங்கி இரண்டு தரம் அடித்தார், வெள்ளை அப்படியே படிந்து மறைந்துவிட்டது. "பாத்தியா, உன் பூஞ்சை குளிச்சதும் ஓடிப்போச்சு! பூஞ்சைன்னா நனைச்சாலும் போகாது, சிலந்தி வலை மாதிரி தண்டுல ஏறும். இது வேர்ல வர்ற முடி. தொட்டியில இருக்கறது குழாத் தண்ணி உப்பு. இதுல சுரங்கத்துல காத்தை அளக்க கையில மீட்டர் வேற!" என்றார். நான் முன்னறைக்கு ஓடினேன். தொட்டியை வைத்து இரண்டு மணி பத்து நிமிடம், உள்ளே மைனஸ் நான்கு. எட்டு வயதில் உன் தம்ளரில் கிடந்த விதையை நட்டு, பதினொரு வருடம் குளிர் தொடங்கும்போதெல்லாம் நீயே உள்ளே தூக்கி வந்த மரம், நான்கே நாளில் மொட்டையானது. ஏப்ரலில் வந்து, நீ படிக்கும் விக்டோரியாவுக்கு எடுத்துப்போவேன் என்று நீ சொல்லும்போதெல்லாம் பேச்சை மாற்றினேன். பட்டையை நகத்தால் சுரண்டினால் உள்ளே பச்சை தெரியும், அது ஒன்றுதான் ஆறுதல். "சுரண்டிச் சுரண்டியே கொன்னுடுவ" என்று அம்மா நகவெட்டியை நீட்டினாள், "நீயே அவளுக்கு எழுது, போன்ல உளறுவ" என்றும் சொன்னாள். முப்பத்தெட்டு வயதில் மகளிடம் திட்டு வாங்கப் பயந்து தள்ளிப்போட்டேன். இன்று காலை பார்த்தால் அடித்தண்டில் மூன்று துளிர், அரிசி அளவு. காபி ஆறிப்போகும்வரை அங்கேயே நின்றேன். மேலே ஒரு சாண் காய்ந்துவிட்டது, அதையும் மறைக்கவில்லை.

உன் அறை ஜன்னலில் தண்ணீர் வழிகிறது என்றாயே, ஹீட்டரைக் கூட்டாதே, காற்று வெளியேற வழி விடு. இருமல் நின்றதா என்பதை மறக்காமல் எழுது. உடம்பும் படிப்பும் உனக்குக் குறையில்லாமல் அமையட்டும், அம்மாவின் முத்தமும் சேர்த்து. இனி நான் செய்யப்போவது:

1. காய்ந்த நுனியைத் தொடமாட்டேன். எங்கே வெட்டுவது என்று நீ சொன்ன பிறகுதான் கத்தி.
2. குழாய்த் தண்ணீர் நிறுத்தம். பனியை உருக்கி, அறைச் சூட்டுக்கு வந்தபின் ஊற்றுவேன்.
3. ஏழு தட்டு முள்ளங்கி மறுபடி விதைப்பேன்.
4. இந்தக் கடிதம் உன் கைக்கு வர ஒரு வாரமாகும், அதுவரை பொறுக்க என்னால் ஆகாது. இன்று மாலை நீ அழைத்ததும் கேமராவை மரத்தின் பக்கம் திருப்புவேன். நீ திட்டி முடிக்கும்வரை வாயைத் திறக்கமாட்டேன்.

உன் அப்பா,
ரேஜான்