நடுச்சாலையில் உன் புள்ளி

இன்று காலையிலிருந்து எங்கள் தெருவில் தார் போடுகிறார்கள். ஜன்னல்களை எல்லாம் அடைத்தும் வாடை சமையலறை வரை வந்துவிட்டது. வேலைக்கு வரும் பெண் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு பாத்திரம் தேய்க்கிறாள். எனக்கு அந்த வாடை இப்போது வேறு. போன மாதம் ஒரகடம் சாலையில், இதே தார் வாடைக்கு நடுவில் நின்றுதான் உனக்காக வாதாடினேன். ஜெயித்தும்விட்டேன். அதை உனக்கு முறையாகச் சொல்ல வேண்டும். நீ எப்போதும் பாதியில் "சரி சரி, கடசில இன்னா ஆச்சு, அத்த சொல்லு" என்பாய். இந்த முறை முழுக்கக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நாம் சந்தித்தது என் கணவர் போன மறுவருடம். ஓய்வுக்காலத்துக்கென்று அவர் ஸ்ரீபெரும்புதூரில் கட்டிய வீட்டில் தனியாக இருந்தேன். சென்னைக்கே வந்துவிடு என்று உறவினர்கள் சொன்னார்கள். யார் வீட்டு மாடியறையிலும் குடியிருக்க நான் தயாராயில்லை. நடப்பதற்கு ஒரு காரணம் வேண்டுமென்று, வெளிநாட்டிலிருந்த மகன் கையடக்கமான ஜிபிஎஸ் கருவி ஒன்றை அனுப்பி, ஜியோகேச்சிங் விளையாட்டையும் சொல்லிக்கொடுத்தான். யாராவது ஒருவர் சிறு பெட்டியை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் அந்த எண்களைக் கருவியில் ஏற்றிக்கொண்டு போய்த் தேட வேண்டும். கிடைத்தால் உள்ளிருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். பரிசு எதுவும் கிடையாது. விதிகள் மட்டும் நிறைய. எனக்கு அது பிடித்துப்போனதே அந்த விதிகளால்தான்.

அப்படித்தான் ஒருநாள் சுங்குவார்சத்திரத்தில் ஒரு புளியமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். எதிரே கம்பெனிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டல். அதை நடத்துகிறவள் நீ. கேட்டில் கையை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு வந்தாய்.

"இன்னாம்மா, பெரிய மனுசி மாரி கீற, மரத்தாண்ட இன்னா வேல?"

நான் விளக்கினேன். செயற்கைக்கோள்களில் தொடங்கி விளக்கினேன். நீ பொறுமையாகக் கேட்டுவிட்டு, மரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அப்பால் துருப்பிடித்துக் கிடந்த அடிபம்பின் பின்னால் கையை விட்டுப் பெட்டியை எடுத்து நீட்டினாய்.

"மாமியாருக்குத் தெரியாம முறுக்கு ஒளிச்ச கை இது. ஒளிக்கறவன் புத்தி எங்க போவும்னு எனக்குத் தெரியாதா?"

பெட்டி எண் காட்டிய இடத்தில் இல்லை, வைத்தவர் சரியாக அளக்கவில்லை என்றேன். கிடைத்துவிட்ட பொருளைக் குறை சொல்லுகிறவளை அன்றுதான் பார்க்கிறாய் போலும், அப்படிச் சிரித்தாய். என் படிப்பைப் பற்றிக் கேட்டாய், சொன்னேன். அன்றிலிருந்து நான் உனக்குக் கான்வென்ட்டம்மா. என்னை அப்படிக் கூப்பிட வேறு யாரையும் நான் விட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகள் நமக்கென்று ஆயின. கார் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கும் சரவணன் வந்து சேர்ந்தான். வார விடுமுறையில் உன் ஹாஸ்டல் பெண்கள் ஒன்றிரண்டு பேர் வருவார்கள். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு பெட்டி, குன்றத்தூர் மலைப்படிக்குப் பக்கத்தில் ஒன்று என்று நாமே வைக்கத் தொடங்கினோம். உனக்கு முழங்கால் வலி. எங்கே போனாலும் உட்கார ஓர் இடம் பார்த்து உட்கார்ந்துவிடுவாய். நான் நின்றுகொண்டு, கருவியில் எண் நிலைக்கும்வரை காத்திருந்து, விலகிப் போய்த் திரும்ப வந்து மறுபடி அளப்பேன். பெட்டியை எங்கே ஒளிப்பது என்பதை உன்னிடம் விட்டுவிடுவேன். உன் கைக்கு நிகரான கை நம் கூட்டத்தில் இல்லை.

ஒன்றில்தான் நமக்குள் ஒத்துப்போகவே இல்லை. தேடும்போது வழிப்போக்கர் யாராவது கேட்டால் பெட்டியைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. மூச்சுவிட்டால் பெட்டி தங்காது. நான் பதில் சொல்லாமல் நகர்ந்துவிடுவேன். நீ பொய் சொல்லுவாய். குன்றத்தூரில் பூக்காரி ஒருத்தியிடம் நாய்க்குட்டி தொலைந்துபோனதாகச் சொன்னாய்; அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டு நம்மோடு சேர்ந்து கூவிக் கூவித் தேடினாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நான் பொய் சொல்ல மாட்டேன் என்று உன்னிடம் கண்டிப்பாகச் சொன்னேன். "நீ சொல்லாத. மூஞ்சிய மட்டும் சோகமா வெச்சுக்கினு நில்லு, போதும்" என்றாய்.

அப்புறம் அந்தக் கடைசிப் பெட்டி. ஒரகடம் சாலையில் ஒரு பஸ் நிறுத்தம், எதிரே டீக்கடை. நீ வழக்கம்போல் அங்கிருந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாய். நான் அளந்தேன். திரும்பவும் அளந்தேன்.

"எத்தினி தபா பாப்ப? பஸ் ஸ்டாப்பு எழுந்து ஓடவா போவுது?"

எண்ணை எழுதி முடித்ததும் என்னை டீக்கடைக்குப் போய் முதுகைக் காட்டி நிற்கச் சொன்னாய். அளந்தவள் கண்டுபிடித்ததாகக் கையெழுத்துப் போட முடியாது; தேடும் வேலை எனக்கில்லை. ஆகையால் எங்கே ஒளித்தாய் என்று நான் கேட்கவும் இல்லை, நீ சொல்லவும் இல்லை. வெளியூர்க்காரர்கள் இருவர் அதைக் கண்டுபிடித்துப் பாராட்டி எழுதியிருந்தார்கள். அதை உனக்குப் படித்துக் காட்டியபோது நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாய்.

"நான் வெச்ச பொட்டி நம்பரு தப்புன்னு எவனாச்சும் சொன்னா, நீ போய்க் கேளு" என்றாய்.

நான் அளந்ததை யார் தப்பென்பார்கள் என்றேன்.

"அதான் சொல்றேன். உன் மானமும் சேந்து போவும்ல."

அவ்வளவு பலவீனத்திலும் உனக்கு அந்தக் கிண்டல் வந்தது. அந்த வாரமே போய்விட்டாய்.

நான் கருவியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஒரு வருடத்துக்கு மேல் தொடவில்லை. போன மாதம் சரவணன் வீட்டுக்கு வந்தான். உன் பெட்டியைத் தேடிப் போனவர்கள் வரிசையாக 'கிடைக்கவில்லை' என்று பதிவுபோட்டிருக்கிறார்கள் என்றான். கடைசியாக ஒருவர், வைத்தவர் கவனமில்லாதவர், எண்ணே தவறு என்று எழுதிவிட்டார். வைத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். பதில் இல்லாவிட்டால், இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர் உன் பெட்டியை 'பிழையான எண்' என்ற குறிப்போடு வரைபடத்திலிருந்து நீக்கிவிடுவார். உன் பெயரில் அது ஒன்றுதான் மிச்சம். மற்றவை எல்லாம் நம் இருவர் பெயரிலும் இருப்பவை.

"ஒண்ணும் கவலப்படாதீங்க ஆன்ட்டி. அதே மாதிரி ஒரு டப்பாவ அங்க வெச்சிடலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

அப்படிச் செய்கிறவர்களை நீ என்னவெல்லாம் திட்டுவாய் என்று அவனுக்கு நினைவுபடுத்தினேன். அவன் வைப்பது அவன் பெட்டி. உன்னுடையது கிடைக்க வேண்டும், அல்லது இல்லையென்று உறுதியாக வேண்டும். கருவிக்குப் புது செல் போட்டேன். மறுநாளே கிளம்பினோம்.

ஒரகடம் சாலையில் எனக்கு அடையாளம் எதுவும் பிடிபடவில்லை. சாலையை அகலப்படுத்தியிருந்தார்கள்; புதுத் தார் பளபளவென்று கிடந்தது. ஓரங்களில் இன்னும் வேலை நடந்துகொண்டிருந்தது. கருவியின் அம்பு நேராகச் சாலையைக் காட்டியது. பத்தடி தள்ளி நின்றால் பக்கவாட்டில், அப்பால் போனால் பின்னோக்கி. எப்படி நின்று பார்த்தாலும் உன் புள்ளி, புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகும் நீள லாரிகளுக்கு நடுவில் விழுந்தது.

"பாத்தீங்களா?" என்றான் சரவணன். "நடு ரோட்டுல யாராவது பொட்டி வெப்பாங்களா? நம்பர் தப்புதான் ஆன்ட்டி. அவங்களுக்கு உடம்பு முடியாத நேரம் வேற."

"எண் சரி" என்றேன். "சாலைதான் அதன் மேல் வந்திருக்கிறது."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதையும் இருந்தது, இரக்கமும் இருந்தது. இரக்கம் எனக்குப் பிடிக்காது. நான் யோசித்தேன். நீ என்னைத் திருப்பி நிற்கவைத்த நேரம் மிகக் கொஞ்சம். அந்த முழங்காலோடு நீ குனிந்திருக்க மாட்டாய், நடந்திருக்கவும் மாட்டாய். உட்கார்ந்த இடத்திலேயேதான் வைத்திருக்க வேண்டும். ஆக, நான் தேட வேண்டியது பெட்டியை அல்ல, பெஞ்சை.

டீக்கடை பின்னுக்குத் தள்ளி, தகரக் கொட்டகையாக இருந்தது. ஆள் அதே ஆள்.

"அந்த இரும்பு பெஞ்சா? ரோடு போட வந்தப்பவே கம்பெனி பசங்க தூக்கிக்கினு போயி, அதோ, அந்தப் புங்கமரத்தாண்ட போட்டுக்கினாங்க. பஸ்ஸு அங்கதான் நிக்குது இப்போ. நெழலும் கீது."

சரவணன் எனக்கு முன்னால் மரத்தை நோக்கி நடந்தான்.

மரத்தடியில் உன் பெஞ்சு இருந்தது. அதன் மேல் நெருக்கியடித்துக்கொண்டு, இரண்டாம் ஷிப்டுக்குப் போகும் பெண்கள், கழுத்தில் அடையாள அட்டையோடு. பெண்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுக்கு அடியில் ஓர் ஆண் கைவிட்டுத் துழாவ முடியுமா? சரவணனை டீக்கடைக்கே அனுப்பிவிட்டு நான் போனேன். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, கையை மெல்ல அடியில் செலுத்தினேன். கம்பி, துரு, யாரோ ஒட்டிய சூயிங்கம். அதற்கப்பால், உன் கை சாதாரணமாக எட்டும் தூரத்தில், காந்தம் வைத்த சிறு தகரப் பெட்டி. இழுத்தேன். 'டக்' என்ற சத்தத்தோடு வந்தது.

பக்கத்துப் பெண் திரும்பினாள். தென்காசிப் பக்கத்துப் பேச்சு.

"என்ன ஆச்சி, என்னத்தத் தேடுதீய?"

எழுந்து போயிருக்கலாம். ஆனால் கையில் பெட்டி; அசைந்தால் தெரிந்துவிடும். என் வாய் எனக்கு முன்னால் முந்திக்கொண்டது.

"தோட்டுத் திருகாணி விழுந்துவிட்டதம்மா."

அவ்வளவுதான். அத்தனை பெண்களும் பெஞ்சை விட்டு இறங்கிவிட்டார்கள். "ஏட்டி, லைட்ட அடி இங்ஙன." "தங்கமா ஆச்சி?" "எறும்புப் புத்துக்குள்ள விழுந்திருக்கும், குச்சி எடு." வெயில் நேரத்தில் கைபேசி விளக்கைப் போட்டுக்கொண்டு, சீருடை மண்ணில் புரள, இல்லாத திருகாணியைத் தேடினார்கள். பெட்டியை முந்தானைக்குள் பிடித்துக்கொண்டு நான் ஒன்றை உணர்ந்தேன். என் இரண்டு காதிலும் திருகாணி ஒழுங்காக இருந்தது. அவர்கள் குனிந்திருந்த நேரத்தில், ஒரே கையால், வலது காதின் திருகாணியைக் கழற்றி உள்ளங்கையில் மறைத்தேன். முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள நான் முயற்சியே செய்ய வேண்டியிருக்கவில்லை.

பஸ் வந்துவிட்டது. தென்காசிப் பெண் மட்டும் தயங்கினாள். கைப்பையைத் திறந்து, ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறையிலிருந்து தன் தோட்டின் திருகாணி ஒன்றை எடுத்தாள்.

"எங்கள கம்பெனிக்குள்ள தோடு போட விடமாட்டாவ ஆச்சி. சும்மாதான் பைக்குள்ள கெடக்கு. கவரிங்தான். வீடு போய்ச் சேருற வரைக்கும் தோடு விழாம நிக்கட்டும்."

நான் மறுப்பதற்குள் அவளே என் காதுமடலைப் பிடித்துப் பூட்டிவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். என் காதை அப்படி உரிமையோடு தொட்டவர்கள் யாருமில்லை. பெயர்கூடக் கேட்கவில்லை நான்.

சரவணன் தாளில் கையெழுத்துப் போட்டான். பேனாவை மூடிவிட்டு, "தப்பு என்னுதுதான்" என்றான். என்னிடம் அல்ல, பெட்டியைப் பார்த்துச் சொன்னான். அன்றே தளத்துக்கு எழுதினோம். பெஞ்சு நகர்ந்த விவரம், டீக்கடைக்காரர் சொன்னது, பழைய அளவு, புதிய அளவு. ஆங்கிலத்தை நான் பார்த்துக்கொண்டேன். உன் கடவுச்சொல்லைத்தான் நீ ஊருக்கே சொல்லி வைத்திருக்கிறாயே, அதை வைத்து உள்ளே போய் எண்ணை மாற்றிவிடலாம் என்றான் சரவணன். கூடாது என்றேன். உன் கணக்கில் உன் கைதான் எழுத வேண்டும்.

தன்னார்வலர் பதில் போட்டார். பெட்டி குறித்த இடத்தில் இல்லாததால் பதிவை மூடவேண்டியிருக்கிறது, அது விதி. விதியை நான் மறுக்கவில்லை. ஆனால் 'பிழையான எண்' என்ற குறிப்பை எடுத்துவிட்டார். 'எண் சரியானது, இடம் மாறிவிட்டது' என்று எழுதியிருக்கிறார். யார் திறந்து பார்த்தாலும் அதுதான் இருக்கும். பெட்டியைத் திரும்பவும் பெஞ்சின் அடியில், நீ வைத்த அதே கம்பியில் ஒட்டிவிட்டு வந்தேன். வரைபடத்தில் இல்லாமல் அது அங்கே இருக்கிறது.

திருகாணியைத் திருப்பிக் கொடுக்க அடுத்தடுத்த வாரங்களில் போய்ப் பார்த்தேன். ஷிப்டு மாறியிருக்கும், அந்த முகம் இல்லை. ஆகவே என் ஒரு காதில் தங்கம், மறு காதில் கறுக்கத் தொடங்கிவிட்ட கவரிங். எதிலும் ஜோடி தவறக் கூடாதென்று எல்லோரையும் படுத்துகிறவள் நான். விடுமுறைக்கு வந்த மருமகள் முதல் நாளே கவனித்துவிட்டு, என்ன அத்தை இது என்று கேட்டாள். திருகாணி எங்கோ விழுந்துவிட்டது என்றேன்.

இதோடு இரண்டு பொய்யாகிறது. இரண்டையும் உன் பேரில்தான் எழுதியிருக்கிறேன்.