லிட்மஸ் சிவந்தால் போதும்

செப்டம்பர் 7, செவ்வாய்

விடியலில் மழை. எட்டு மணிக்கு விட்டது. என் கைக்கடிகாரத்தில் எட்டு. கிடங்குச் சுவரில் ஒன்பதரை. சுவரில் இருப்பது தோக்கியோ நேரம், பட்டாளம் வந்ததிலிருந்து அதுதான் சட்டம். என்னுடையதை நான் திருப்பவில்லை. யாரும் கேட்டால் பழுது என்று சொல்ல வேண்டும்.

இந்த மாதம் வந்ததில் இன்று முடித்தவை: பீப்பாய் 12, 13, 14. பாதி 15.

பகாங்கில் ஏதோ ஒரு தங்கச் சுரங்கத்தின் கழிவுக் கரைசல். தாதுவைச் சயனைடில் ஊறவைத்துத் தங்கத்தை எடுத்த பிறகு மிஞ்சியது. தாதுவில் இருந்த செம்பும் சேர்ந்து கரைந்து அதிலேயே நிற்கிறது. கந்தக அமிலம் போதிய அளவு விட்டால் செம்பு வெள்ளைத் தயிர் போல அடியில் இறங்கும். வடித்து, காயவைத்து, உருக்கினால் உலோகம். பட்டாளத்துக்குத் தோட்டா உறைக்கு வேண்டும். அதற்காகத்தான் ஆய்வுகூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடமான என்னை ஜூன் மாதம் வீட்டுக்கு வந்து கூட்டிப் போனார்கள்.

‘போதிய அளவு’ என்பதில்தான் எல்லாம். லிட்மஸ் தாள் சிறு புளிப்புக்கே சிவந்துவிடும். செம்பு முழுதும் இறங்க அதைவிடப் பல மடங்கு அமிலம் வேண்டும். அதைக் காட்டுவது வேறு தாள், காங்கோ சிவப்பு. ஒரு டப்பா இருந்தது. முதல் வாரமே அடுப்பில் போட்டேன். கிடங்குக்குப் பொறுப்பான லெப்டினன்டுக்கு லிட்மஸ் தெரியும், பள்ளியில் படித்திருப்பார். தாள் சிவந்ததும் தலையாட்டுகிறார். நான் நிறுத்திவிடுகிறேன். அடியில் ஒரு கைப்பிடி படிவு, காய்ந்தால் ஒரு சிட்டிகை. மற்றதெல்லாம் தெளிந்த நீராகப் பின்புறச் சுண்ணாம்புக் குழிக்கு.

இதை இதுவரை எழுதவில்லை. எழுதியதும் கிழிக்கப் போனேன். கிழிக்கவில்லை.

செப்டம்பர் 9, வியாழன்

வெயில். முழங்கால் வலி. சவர்க்காரம் தீர்ந்தது.

மனோன்மணி காலையில்: “இஞ்சருங்கோ, அவங்களோட வாய் குடுக்காதேங்கோ. உங்களுக்கு வாய் திறந்தாலே நடுக்கம்.” என் மனைவிக்கு என்னை முப்பத்தெட்டு வருடமாகத் தெரியும். வாய் கொடுக்கவில்லை என்றேன். உண்மை.

கிடங்கில் கதவு இரண்டையும் திறந்து வைக்கச் சொன்னேன். அமிலம் விடும்போது வரும் ஆவி ஆளைக் கொல்லும். காவல்காரன் மூடச் சொன்னான், திருட்டுப் போகுமாம். திறந்துதான் இருக்கும் என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். திறந்தே இருந்தது.

ராமையா இங்கே மேஸ்திரி, ஆறு பேருக்குத் தலைவன். பிறை என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துக்காரன். தம்பியைச் சயாம் ரயில் போட ஏற்றிப் போய்விட்டார்கள், சேதி இல்லை. அமிலச் சாடியைச் சாய்த்துப் பிடித்தபடி கேட்டான்:

“ஐயா, மூணு சாடி கொண்டாந்து வெச்சிருக்கு. அரைச் சாடிலயே நிறுத்திப்புடுறீங்க. மிச்சம் யாருக்கு?”

“தாள் சிவந்துவிட்டது. போதும்.”

அவன் தாளைப் பார்த்தான். குழியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

“செவந்துருச்சு லா,” என்றான். “நமக்கு என்னா ஐயா தெரியும், கைநாட்டு.”

பிறகு மற்றவர்களிடம் சத்தமாக: “டேய், ஐயா போதும்னா போதும்! எவனாச்சும் கூட ஒரு சொட்டு ஊத்துனா அந்தச் சாடியிலயே முக்கிப்புடுவேன்.”

ஆக, தெரிந்தவர்கள் இப்போது இருவர்.

செப்டம்பர் 10, வெள்ளி

மேகமூட்டம். மரவள்ளிக்கிழங்கு, மீண்டும். மனோன்மணி மிளகாயும் தேங்காயும் இடித்துச் சம்பல் வைத்தாள். நன்றாக இருந்தது.

லெப்டினன்ட் பத்து மணிக்கு வந்தார். மூன்று மாதப் படிவை மேசையில் கொட்டச் சொன்னார். ஒரு சோற்றுத் தட்டு நிறையவில்லை. “மானா தெம்பாகா?” செம்பு எங்கே? மலாயில் அவருக்கு நன்றாக வரும் வார்த்தைகள் இவைதான். இவையும் “லக்காஸ்”, சீக்கிரம் என்பதும்.

ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். கரைசல் வலுவற்றது என்றேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. நல்லவேளை, நான் எப்போதும் அப்படித்தான் பேசுகிறேன். பயந்தவன் பொய் சொன்னாலும் உண்மை சொன்னாலும் ஒரே மாதிரி இருக்கும். இந்த வயதில் அது உதவுகிறது.

செப்டம்பர் 13, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

லெப்டினன்ட் சட்டைப்பையிலிருந்து ஓர் இரும்பு ஆணி எடுத்தார். புதிது, நூல் கட்டியிருந்தது. நேரே குழிக்குப் போனார். நீரில் செம்பு இருந்தால் இரும்பின் மேல் சிவப்பாகப் படியும், எனக்குத் தெரியாதென்று நினைத்தாயா என்றார். ஆணியை இறக்கினார். கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிடம்.

மயில்துத்தக் கரைசலாக இருந்தால் அவர் சொன்னது சரி. ஒரு நிமிடத்தில் ஆணி சிவந்திருக்கும். சயனைடு பிடித்து வைத்த செம்பு அப்படி இரும்புக்கு இறங்கி வராது. அது எனக்குத் தெரியும். புத்தகத்தில் படித்தது. செய்து பார்த்ததில்லை. எதையும் மூன்று தடவை செய்து பார்க்கிற நான் இதை ஒரு தடவையும் செய்து பார்க்கவில்லை. இரண்டாவது நிமிடத்தில் அது உறைத்தது.

நாலாவது நிமிடம்: சென்ற வாரம் ஒரு பீப்பாயில் அமிலம் கொஞ்சம் கூடிச் சயனைடின் பிடி தளர்ந்ததோ?

ஆறாவது நிமிடம்: மனோன்மணியிடம் அரிசிக் கூப்பன் எங்கே வைத்தேன் என்று சொல்லவில்லை.

ராமையா பக்கத்தில் மண்வெட்டியை ஊன்றி நின்றான். மெதுவாக, “ஐயா, மூச்சு விடுங்க,” என்றான்.

ஆணி வெளியே வந்தது. கறுப்பு. அவர் துணியால் துடைத்துப் பார்த்தார். இரும்பின் நிறம். மறுபடி துடைத்தார். குழியில் வீசிவிட்டுப் போனார்.

ராமையா சிரித்தான். “அந்த ஆணியும் நம்ம கட்சி லா.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுவர் ஓரம் உட்கார்ந்துவிட்டேன். அது வேறு விஷயம். ஆனால் மாலையில் வீட்டுக்கு வரும் வழியில் பாலத்துக் காவலனுக்குக் குனிந்தபோது வழக்கத்தைவிடக் குறைவாகக் குனிந்தேன். அவன் கவனிக்கவில்லை.

செப்டம்பர் 15, புதன்

கனத்த மழை. கிடங்கில் ஒழுகல். வேலை இல்லை, உட்கார வைத்தார்கள். ராமையாவின் ஆட்கள் பெயர்ப் பட்டியல் எழுதப்படுவதாகப் பேச்சு. கிடங்கை மூடினால் சயாம் என்கிறார்கள். இதை நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. செம்பைப் பற்றியே யோசித்தேன்.

ராமையாவிடம் சொன்னேன், என்னால் உங்களுக்கு இப்படி ஆயிற்று என்று.

“ஐயா, நீங்க நிறைய செம்பு எடுத்துக் குடுத்திருந்தா மட்டும் நம்மள மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பவா போறான்? பேரு எழுதுறவன் எழுதிக்கிட்டு இருக்கட்டும். நாளைக்கு காலையில மீன் படகு இருக்கு. ஆறு பேரும் நானும் அக்கரை. உள்தோட்டத்துல எவன் தேடுவான்?”

மாற்றுத் துணி இல்லையென்று அமிலம் பட்ட என் பழைய சட்டையைக் கேட்டான். கொடுத்தேன்.

செப்டம்பர் 16, வியாழன்

மழை இல்லை.

காலை கிடங்கில் ராமையா இல்லை, ஆட்கள் இல்லை. காவல்காரன் என்னை அடிக்கவில்லை, அவனுக்கே பயம்.

லெப்டினன்ட் ஒரு கோப்போடு வந்தார். சுரங்கத்தின் பழைய தாள்கள். ஒன்றை என் முன் வைத்தார். போருக்கு முந்திய ஆய்வறிக்கை. இதே கரைசல். செம்பின் அளவு நன்றாக, நிறைய. அடியில் என் கையெழுத்து.

மாதிரிகள் அந்நாளில் எண் போட்டு வரும். எந்தச் சுரங்கம் என்று எங்களுக்குச் சொல்லமாட்டார்கள். நான்தான் செய்திருக்கிறேன். அந்தக் கூட்டலும், எட்டுக்குப் போட்ட வளைவும் என்னுடையவை.

அவர் ஆங்கிலத்தில், நிதானமாக: இது சரியென்றால் என் செம்பை நீ எங்கோ ஒளித்திருக்கிறாய். இது தவறென்றால் நீ அப்போதே ஒன்றும் தெரியாதவன். எது?

முப்பத்தோரு வருட வேலை. என் அறிக்கை ஒன்றுகூடத் தவறென்று திரும்பி வந்ததில்லை. எனக்குத் தைரியம் கிடையாது, பேச்சு கிடையாது, பதவி உயர்வு கேட்கத் தெரியாது. இது ஒன்றுதான் இருந்தது.

“நான் தவறு செய்துவிட்டேன்,” என்றேன்.

“பக்கேரோ!” என்று தன் மொழியில் திட்டி அறைந்தார். கண்ணாடி விழுந்தது. பொறுக்கி மாட்டிக்கொண்டேன். எழுது என்றார். எழுதினேன், நல்ல கையெழுத்தில்: முந்திய அளவு பிழையானது. இந்தக் கரைசலில் எடுக்கத்தக்க செம்பு இல்லை. பிழை முழுவதும் என்னுடையது. பெயர், முன்னாள் பதவி. அவர் முத்திரை குத்தினார். மீதிப் பீப்பாய்களைக் குழியில் கொட்டிக் கிடங்கை மூட உத்தரவு. இருபத்தாறு பீப்பாய். என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார், முட்டாள் கிழவன் என்று.

கன்னம் வீங்கியிருக்கிறது. மனோன்மணி வெந்நீர் ஒத்தடம் வைத்தாள். “என்னப்பா பிழை விட்டனீங்கள்?” என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

அந்தப் பழைய அளவு சரி. மூன்று தடவை செய்தது. மூன்றும் ஒத்து வந்தது.