ஸ்பேனருடன் பிடிபட்ட நோயாளி

அனுப்புநர்:
குழாய் பழுதுபார்ப்பவர்
(தெருவில் "குழாய் மாமா" என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள்),
மூன்றாவது மாடி, அச்சகச் சந்து.

பெறுநர்:
காப்பீட்டுக் குறைதீர்ப்பு அதிகாரி அவர்கள்,
குறைதீர்ப்பு அலுவலகம், இரண்டாவது மாடி.

பொருள்: படுக்கையில் இல்லாத குற்றத்துக்காக என் மருத்துவச் செலவு மறுக்கப்பட்டு, பாலிசியும் ரத்து செய்யப்பட்டதால், மனைவியின் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்கு முன் அதை மீட்டுத் தரக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நானும் என் மனைவியும் ஒரே மருத்துவக் காப்பீட்டு பாலிசியில் இருக்கிறோம். ஒரு தவணைகூடத் தவறியதில்லை. இருவரும் மருத்துவமனைப் பக்கம் தலைவைத்துப் படுக்காத வரை கம்பெனிக்கு எங்கள் மேல் தனிப் பாசம் இருந்தது. பிறந்தநாள் வாழ்த்தெல்லாம் அனுப்புவார்கள். சென்ற மாதம் என் குடல்வால் வீங்கியதும் அந்தப் பாசம் நின்றுபோனது.

2. அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ட்ரிப்ஸைக் கழற்றியதும் டாக்டர் என்னை மெல்ல எழுந்து நடக்கச் சொன்னார். நானும் நடந்தேன். நடந்து போன இடம்தான் வினையாகிவிட்டது. வார்டுக் குளியலறையில் வாஷ்பேசின் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது; எனக்கு ஏறிய குளுக்கோஸைவிட வேகமாகச் சொட்டியது. ஒழுகும் குழாயைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது ஐயா. எங்கே போனாலும் பல் துலக்கும் பிரஷ்ஷை மறப்பேன், ஸ்பேனரை மறக்கமாட்டேன். எங்கள் கல்யாண போட்டோவிலேயே என் சட்டைப் பையிலிருந்து அதன் தலை எட்டிப் பார்க்கிறது. மனைவி அதை வருகிறவர்களிடமெல்லாம் காட்டிச் சிரிப்பார்.

மருத்துவமனை அங்கி முதுகுப் பக்கம் திறந்தே இருந்ததால், மானத்தைக் காக்க மேலே என் வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டேன். தையல் பிரியாதபடி ஸ்டூலில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினேன். நர்ஸம்மா பார்த்துவிட்டு நன்றாகத் திட்டினார். திட்டி முடித்ததும், "மாமா, அப்படியே லேடீஸ் பக்கமும் ஒண்ணு ஒழுகுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

3. அந்த நேரம் பார்த்துக் கழுத்தில் அட்டை தொங்க ஒரு தம்பி குளியலறை வாசலில் வந்து நின்றார். கம்பெனி அனுப்பிய ஆய்வாளர் அவர் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அவசரத்துக்கு வந்தவர் என்று நினைத்து, "கொஞ்ச நேரம் ஆகும் தம்பி, பக்கத்து வார்டுக்குப் போங்க" என்றேன். அவர் என்னைப் படம் பிடித்துக்கொண்டு, சொன்னபடியே போய்விட்டார். எதையும் திருப்பிக் கேட்காத நல்ல பிள்ளை.

4. பிறகு கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. "ஆய்வின்போது நோயாளி படுக்கையில் இல்லை. மருத்துவமனையின் குழாய்ப் பணியாளர் ஒருவர் மட்டும் குளியலறையில் இருந்தார். எனவே தொகை மறுக்கப்படுகிறது." படித்துவிட்டு நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். எனக்குத் தையலும் சேர்ந்து வலித்தது. படத்தில் இருக்கும் குழாய்க்காரனும் நான்தான், படுக்கையில் இல்லாத நோயாளியும் நான்தான் என்று உண்மையை எழுதிப் போட்டேன். விஷயம் இதோடு முடிந்தது என்று நம்பினேன்.

பதில் வந்தது. அப்படியானால் நான் மருத்துவமனையின் ஊழியனாம். நிர்வாகத்தோடு கைகோத்துப் பொய் பில் போட்டேனாம். ஆகவே பாலிசியே ரத்தாம். குளியலறையில் வேலை கிடைக்கும் என்று குடல்வாலை அறுத்துக் கொடுக்கிறவன் எங்காவது உண்டா ஐயா?

5. தொலைபேசியில் அழைத்தேன். என் அழைப்பு அவர்களுக்கு மிகவும் முக்கியம் என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டார்கள். திரும்பத் திரும்பக் கேட்டதில் என் மனைவி இப்போது சமைக்கும்போது அந்தப் பாட்டைத்தான் முணுமுணுக்கிறார். கடைசியில் பேசிய பெண் பொறுமையானவர். நான் அங்கே ஊழியன் இல்லை என்று மருத்துவமனையிலிருந்து சான்று வாங்கி வரச் சொல்லி, இந்த நாள் இனிய நாளாக அமையட்டும் என்றும் வாழ்த்தினார். மருத்துவமனை அலுவலகத்தில் போய்க் கேட்டேன். அங்கிருந்த அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "இங்க வேலை பாக்கிறவங்களுக்குத்தான் சர்டிபிகேட் தருவோம். பாக்காதவங்களுக்கெல்லாம் குடுக்கணும்னா ஊர்ல எல்லாருக்கும் குடுக்கணுமே" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது.

6. இதுவரை சிரித்துவிட்டேன் ஐயா. இனிச் சொல்லப்போவதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மனைவி தையற்காரர். மிதி இயந்திரத்தை மிதித்து மிதித்தே அவருடைய இரண்டு முட்டிகளும் தேய்ந்துவிட்டன. அடுத்த மாதம் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். பாலிசி போனதால் அந்த நாளை வேறு யாருக்கோ கொடுக்கப்போவதாகச் சொல்கிறார்கள். முழுச் செலவையும் கைக்காசில் கட்ட எங்களால் முடியாது. எங்கள் வீட்டுக்கு லிஃப்ட் கிடையாது. அவர் படியில் பின்புறமாக உட்கார்ந்து, கையை ஊன்றி ஊன்றி, ஒவ்வொரு படியாக மூன்று மாடி ஏறுகிறார். யாராவது பாவம் என்று பார்த்தால், "நான் மகாராணிங்க, உக்காந்துகிட்டேதான் ஏறுவேன்" என்பார். பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறும் எனக்குத்தான் தாங்கவில்லை. என் ஸ்பேனர் செய்த வேலைக்கு அவருடைய முட்டி தண்டனை அனுபவிக்கக் கூடாது.

ஆகவே, கம்பெனியின் படத்தையும் என் தழும்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இரண்டும் ஒரே ஆளுடையவை என்று பதிவு செய்யும்படி வேண்டுகிறேன். தழும்பைக் காட்ட எப்போதும் தயார். அறையில் பெண் அலுவலர்கள் இருந்தால் திரை ஒன்று போதும். என் பில் தொகை மெதுவாக வந்தாலும் சமாளித்துக்கொள்வேன். பாலிசி மட்டும் என் மனைவியின் நாள் கைவிட்டுப் போவதற்குள் உயிர் பெற வேண்டும்.

இன்னொன்றையும் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். தங்கள் அலுவலகத் தாழ்வாரத்தில், தண்ணீர் குடிக்கும் இடத்துக் குழாய் ஒழுகுகிறது. வாஷர் போய்விட்டது. காலையிலிருந்து அதன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன், இன்னும் தொடவில்லை. தொட்டால் தங்கள் ஊழியன் என்று கம்பெனி எழுதிவிடும். என் மனைவியும் கூட வந்திருக்கிறார். தங்கள் லிஃப்ட் வேலை செய்யாததால் மகாராணியாகவே மேலே வந்தார். ஸ்பேனர் அவருடைய பையில் பத்திரமாக இருக்கிறது. பாலிசி திரும்பி, முட்டி சரியாகி, அவர் இதே படிகளில் நடந்து ஏறி வரும் நாளில் நானும் கூட வந்து அந்தக் குழாயைச் சரிசெய்து தருகிறேன். இதை லஞ்சமாக எண்ண வேண்டாம். சொட்டுகிற சத்தம் தாங்காமல் சொல்கிறேன்.

கையெழுத்து கோணலாக இருப்பதை மன்னிக்கவும். குழாய்ப் பக்கம் போய்விடக் கூடாது என்று மனைவி என் வலது கையைப் பிடித்துக்கொண்டிருப்பதால், இடது கையால் போட்டிருக்கிறேன்.

நாள்: திங்கட்கிழமை, எங்கள் டோக்கனைக் கூப்பிடும் முன்
இடம்: தங்கள் தாழ்வாரம், குழாய்க்கு எதிர் பெஞ்சு

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
யாருக்கும் ஊழியனல்லாத குழாய்க்காரன்