அத்தானின் கல்லீரலில் ஒரு நொதி

மார்ச் 3

இன்று முழுவதும் நுண்ணோக்கிதான். கல்லீரல் கட்டிகளின் மெல்லிய சீவல்கள். நாங்கள் தேடும் நொதி இருக்கும் இடம் பழுப்பாகத் தெரியும். கட்டி வளரத் தேவையான கொழுப்பைச் செய்துகொடுக்கும் நொதி அது. பழுப்பு அடர்ந்திருந்தால், வெட்டி எடுத்த பிறகும் கட்டி சீக்கிரம் திரும்பியிருக்கிறது. கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

மாலையில் அக்கா போன். அத்தானுக்குக் கல்லீரல் கட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டதாம்; இப்போதே வீட்டுக்குப் போகணும் என்று அடம்பிடிக்கிறாராம்.

மார்ச் 14

அக்கா ரிப்போர்ட்டோடு வந்தாள். அத்தானின் கட்டியில் எங்கள் நொதியையும் சோதித்திருக்கிறார்கள். மிக அதிகம்.

"டாக்டர் வேகமா பேசிட்டுப் போயிட்டாரு. நீ சொல்லு. மூடி மறைக்காதே."

சொன்னேன். இப்படி இருப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வந்துவிடுகிறது என்றேன். 'பெரும்பாலானவர்களுக்கு' என்பதை அவள் காதில் வாங்கவில்லை. நானும் அழுத்திச் சொல்லவில்லை. தங்கை மாதிரியா பேசினேன்? கூட்டத்தில் கட்டுரை வாசிப்பவள் மாதிரி.

மார்ச் 15

இன்று நுண்ணோக்கியைத் தொடவில்லை.

மார்ச் 21

நான் சொன்னதை அக்கா மூலம் கேட்டு, படிப்பை விட்டுவிட்டு வரச் சொல்லி மகளை அழைத்துவிட்டார் அத்தான். பாலம் கட்டும் படிப்பு. மல்லுக்கட்டி வாங்கிய இடம். பதறிப்போய் அவருக்குப் போன் செய்தேன்.

"அத்தான், கொஞ்சம் பொறுங்க. எல்லாருக்கும் அப்படியே நடக்கணும்னு இல்ல."

"இருக்கிற கொஞ்ச நாள் பொண்ணு முகத்தப் பாத்துட்டு இருக்கேனே. உனக்கென்னம்மா நஷ்டம்?"

எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

ஏப்ரல் 2

வந்துவிட்டாள். "லீவு தர மாட்டாங்களாம் சித்தி. படிப்ப விடறேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்." வரைபடக் குழல் இன்னும் தோளிலேயே தொங்கியது.

செப்டம்பர் 9

கட்டி திரும்பிவிட்டது. நான் சொன்னது பலித்துவிட்டது. பலித்ததில் ஒரு துளி திருப்தி எட்டிப் பார்த்ததே — சீ. என்ன பிறவி நான்?

செப்டம்பர் 17

அந்த நொதியைச் செயல்படவிடாமல் தடுக்கும் புது மாத்திரைக்குச் சோதனை தொடங்கியிருக்கிறது. நொதி அதிகம் உள்ளவர்களைத்தான் சேர்க்கிறார்கள். கட்டி எதை நம்பிப் பிழைக்கிறதோ அங்கேதானே அடிக்க வேண்டும். அத்தானைச் சேர்த்துக்கொண்டார்கள்.

இப்படி ஒரு சோதனை வரப்போகிறது என்று மார்ச்சிலேயே எனக்குத் தெரியும். வீண் ஆசை காட்டக் கூடாதென்று வாயைத் திறக்கவில்லை. கெட்டதைச் சொல்ல மட்டும் வாய் இருந்தது.

ஜனவரி 30

பாதியாகச் சுருங்கியிருக்கிறது! அக்கா போனிலேயே அழுதாள். நானும்தான். பிறகு மெல்லக் கேட்டாள்: "அப்ப அவளப் படிக்க விட்டிருக்கலாமோ?"

பிப்ரவரி 6

திரும்பச் சேர முடியாதா என்று அக்கா மகளிடம் விசாரித்தேன். பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள்: "கேட்டுப் பாத்துட்டேன் சித்தி. இடம் போயிடுச்சு." குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

அக்டோபர் 12

ஸ்கேனுக்கு அத்தானோடு நான் போனேன். கட்டி வளரவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான்களைத் தப்பும் தவறுமாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சாகப்போறேன்னு சொல்லி அவளக் கூப்பிட்டேன். சாகல. இத அவகிட்ட எப்படிம்மா சொல்றது?"

"கூப்பிட வெச்சது நான்தான் அத்தான்."

"நீ சொன்னது சரியாத்தானே இருந்துச்சு," என்றார். அவர் திட்டியிருக்கலாம்.

வீட்டில் மகள் கதவைத் திறந்தாள். "என்ன சொன்னாங்க?"

"அப்படியே இருக்காம்," என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

அவள் அவருடைய பொத்தான்களை அவிழ்த்து, ஒவ்வொன்றாகச் சரியாகப் போட்டுவிட்டாள். "கை கழுவிட்டு வாங்கப்பா. சாப்பிடலாம்."

எனக்கும் ஒரு தட்டு வைத்தாள்.