குசினியில் தொங்கும் கம்பளிக் கோட்டு

இஞ்சேருங்கோ,

நான் ஒஷாவாவுக்கு அக்கா வீட்டை போறன். பிளாஸ்கிலை தேத்தண்ணி இருக்கு, குடிச்சிட்டு வில்லு வேட்டைக்கு வெளிக்கிடுங்கோ.

நைலோன் சரசரக்கும், கம்பளிதான் மானுக்குச் சத்தம் காட்டாது எண்டு கடை கடையா ஏறி வாங்கின உங்கடை இலைநிறக் கோட்டை, சமையல் மணம் ஏறக்கூடாது எண்டு பல்கனியிலை போட்டிருந்தனீங்கள். இப்ப அது குசினியிலை, அடுப்புக்குப் பக்கத்திலை தொங்குது. யன்னலைப் பூட்டிப்போட்டு காலமை முழுக்கக் கருவாடு பொரிச்சனான்.

"எமில்டா சமைச்சால் அந்த மணத்துக்கு மான் காடு மாறிப் போயிடும்" எண்டு உங்கடை வேட்டைக் கூட்டாளி ஜூலியன் வீட்டிலை எல்லாருக்கும் முன்னாலை சொல்லிச் சிரிச்சனீங்கள் எல்லே?

கையுறையை மறக்காதேங்கோ, விறைக்கும்.

எமில்டா

கோட்டைத் தோய்க்க வெளிக்கிடாதேங்கோ. கம்பளி சுருங்கும் எண்டு சொன்னதும் நீங்கள்தான்.

மான் ஒண்டும் வராட்டி, நீங்கள் சொன்னது சரிதான் எண்டு ஜூலியன் வீட்டிலை நானே சொல்லுறன்.