பைய வாங்கும்

செவ்வாய், இரவு.

நான் பங்கு வாங்கி வைத்திருக்கும் சாஃப்ட்வேர் கம்பெனியின் ஆண்டறிக்கையை இன்றுதான் கடைசிப் பக்கம் வரை படித்தேன். லாபம் என்று காட்டியதில் பாதி, இன்னும் கைக்கு வராத பாக்கி. பாக்கி வைத்திருப்பது யார் என்று தேடினால், முதலாளியின் மனைவி நடத்தும் இன்னொரு கம்பெனி. இரண்டுக்கும் ஒரே கதவு எண். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அதே எண்தான்.

அந்நேரம் பார்த்து வண்ணார்பேட்டையிலிருந்து தங்கச்சி மாப்பிள்ளை போன் பண்ணினார். என் பேச்சைக் கேட்டுத்தான் அவரும் இதில் பணம் போட்டார்.

"மச்சான், விலை இறங்கிட்டுல்லா? இன்னும் கொஞ்சம் வாங்கிப் போடவா?"

"பைய வாங்கும் மாப்ளே, கொஞ்சம் கொஞ்சமா" என்றேன்.

வேண்டாம் என்று சொல்ல ஏன் வாய் வரவில்லை? நாளைக்குக் காலையில் நான் விற்கணும். யாராவது வாங்கணும்லா.